நாற்பத்தெட்டு கே-க்குள் நாம் எழுதிய மொழி

ஹைதராபாத் மாதாப்பூரில் என் அலுவலகத்துக்கு எதிரே புதிதாக ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடை வந்திருக்கிறது. நேற்று மதியம் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். கடைக்காரர் சூடான சால்டரிங் அயர்னை ரோசின் டப்பாவில் தொட்டார். நூல்போல ஒரு புகை எழுந்து என் பக்கம் வந்தது. மரப்பிசின் கருகும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். குஷாய்குடாவில் உன் வீட்டு முன்னறையில் எந்நேரமும் இருந்த வாசனை அது.

நீ போய் நான்கு வருடம் முடிந்துவிட்டது. இதுவரை உனக்கு நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. போனவர்களுக்கு எழுத உட்கார்ந்தால் குரல் தானாக இளகிவிடுகிறது. அது உனக்குப் பிடிக்காது. இளகாமல் எழுத முடியும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

இரண்டாயிரத்து ஒன்றின் கடைசியில் என் கம்பெனி எங்கள் குழுவை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பியது. வாடகை குறைவு என்று குஷாய்குடாவில் ஒற்றை அறைக்கு மாறினேன். வந்த வாரமே யுபிஎஸ் படுத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு, ‘டிவி, யுபிஎஸ், இன்வெர்ட்டர் சரிசெய்யப்படும்’ என்று தெலுங்கில் பலகை மாட்டியிருந்த உன் வீட்டு மாடிப்படி ஏறினேன். கடைக்காரர் என்று ஓர் ஆணை எதிர்பார்த்து வந்தவள் நான். கண்ணில் லென்ஸோடு சர்க்யூட் போர்டுமேல் குனிந்திருந்தவள் நீ. என் திருநெல்வேலித் தெலுங்கை இரண்டு வாக்கியம் கேட்டதுமே சிரித்துவிட்டாய்.

“தமிழா? அத மொதல்லயே சொல்றதுக்கின்னா.”

உனக்கும் எனக்கும் ஒரே ஒரு வயது வித்தியாசம். உன் அப்பா ராணுவத்தில் இருந்தவர், ராணுவக் குடியிருப்பை ஒட்டிய லோத்குண்டாவில் வளர்ந்தாய். வீட்டில் பேசியது வேலூர்ப் பக்கத்துத் தமிழ். அதில் பாதி தெருவிலிருந்து வந்த உருது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பெரிய தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த ஒரு சின்னப் பட்டறையில் போர்டுகளைச் சோதிக்கும் வேலை பார்த்திருந்தாய். பட்டறையை மூடிவிட்டார்கள். அண்ணன் குடும்பத்தோடு இருந்துகொண்டு முன்னறையில் தொழில் நடத்தினாய். இதெல்லாம் யுபிஎஸ் சரியாவதற்குள் நீயே சொன்னது.

அலமாரியில் அதைப் பார்த்தேன். பள்ளி நோட்டைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி, மேலே அழிரப்பர் போன்ற விசைகள். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீட்டுக் கணினி. டிவியில் இணைத்தால் திரை வரும். எழுதியதைச் சேமிக்க டேப் ரெக்கார்டரும் கேசட்டும் வேண்டும். மொத்த நினைவகமும் நாற்பத்தெட்டு கே, அதாவது கிலோபைட். இன்று என் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது.

“இத வச்சு என்னடி செய்வ?” என்று கேட்டேன். முதல் நாளே ‘டி’ போட்டுவிட்டேன், நீ கண்டுகொள்ளவில்லை.

முந்தைய மாதம் மாதாப்பூரில் ஒரு நேர்காணலுக்குப் போன கதையைச் சொன்னாய். என்ன நிரல் எழுதியிருக்கிறாய் என்று நேர்காணல் நடத்தியவர் கேட்டார். என் கம்ப்யூட்டருக்கு மெஷின் கோடிலேயே எழுதுவேன் என்றாய். அதாவது, சிப்புக்குப் புரியும் வெறும் எண்களில். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கம்பைலர் என்றால் என்னவென்று தெரியுமா என்றார். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும் எண்ணாக மாற்றும் புரோகிராம் என்று சரியாகத்தான் சொன்னாய். ‘அதெல்லாம் வெளிநாட்டில் பெரிய ஆட்கள் எழுதுவது, நாம் உபயோகிப்போம், டிப்ளமோவுக்கு இங்கே இடமில்லை’ என்று உன் கோப்பை மூடிக் கையில் கொடுத்தார்.

“நீ படிச்சிருப்பியே, கம்பைலர் பத்தி?”

படித்திருந்தேன். ஒரு பருவம் முழுக்கப் பாடம். கேள்வித்தாளுக்குப் பதிலை மனப்பாடம் செய்து எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் ஒரு கம்பைலரைக்கூட எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் கல்லூரியில் எவருமே எழுதியதில்லை, வாத்தியார் உட்பட.

“உனக்குப் பாடம் தெரியும். எனக்கு மெஷின் தெரியும். எழுதலாமா?”

“எதுக்குடி?”

“கைக்குன்னு மட்டும் கேக்காதே. அந்தாளு சொன்னது பொய்யாவணும். அவ்ளோதான்.” உன் தெரு உருதுவில் ‘எதற்கு’ என்பதுதான் ‘கைக்கு’.

வேலை இல்லாத எனக்கு மறுக்கக் காரணம் இல்லை. உண்மையில், ஒரு மாதமாக யாரும் என்னிடம் எதையும் செய்யச் சொல்லியிருக்கவில்லை.

முதல் சண்டை சொற்களுக்காக வந்தது. விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. அதிலேயே நம் சொற்களை அடிக்கலாம் என்று முடிவு செய்திருந்தோம். நான் நல்ல தமிழில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தேன். உண்மை, பொய், அல்ல, அச்சிடு. நீ அதை ஒரு தடவை வாசித்துவிட்டு என் பேனாவை வாங்கி வரிசையாக அடித்தாய். உண்மைக்கு ‘ஹவ்’. அல்ல என்பதற்கு ‘நக்கோ’. அச்சிடு என்பதற்கு ‘சொல்லு’. நிரல் பாதியில் நின்றால் எந்த வரியில், ஏன் நின்றது என்று கேட்க ‘கைக்கு’.

“இது என்ன பாஷை?” என்றேன், கொஞ்சம் முகம் சுளித்துத்தான்.

“எங்க வீட்டு பாஷை. ஒங்க ஊர்ல பேசலன்னா இது பாஷை இல்லையா?”

அந்த முகச்சுளிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இரண்டாவது சண்டையில் நீ முழுதாக ஜெயித்தாய். பாடப்புத்தகத்தின்படி ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காணும் பகுதியை எழுத முயன்று மூன்று வாரம் திணறினேன். அதற்கே நினைவகத்தில் பாதி போய்விடும்போல் இருந்தது. நீ ஒரு டிரான்ஸிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாய்.

“நாலையும் மூணையும் கூட்டுன்னுதானே சொல்றோம்? கூட்டு நாலு மூணுன்னு யாராவது சொல்வாங்களா?”

“அதுக்கென்ன?”

“கூட்டுங்கறது கடைசியிலதானே வருது. அதுக்குள்ள நாலும் மூணும் வந்து கையில ரெடியா நிக்குதுங்க. அப்புறம் பிரிச்சுப் பாக்கறதுக்கு இன்னா இருக்கு?”

நான் நோட்டை மூடிவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, கட்டளை வந்ததும் மேலிருந்து எடுத்துக்கொள்வது அந்தச் சிப்புக்கு இயல்பான வேலை. வினையைக் கடைசியில் வைக்கும் மொழியாக இருந்தால் பிரிக்கும் பகுதியே ஏறக்குறைய வேண்டாம். மூன்று வாரம் எழுதியதைக் கிழித்தேன். நான்கு நாளில் புதிதாக எழுதினோம். புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர்கூட இருந்தது, நான் படித்தும் இருந்தேன். ஆனால் நம் பேச்சே அப்படித்தான் ஓடுகிறது என்பது நீ சொன்ன பிறகே எனக்கு உறைத்தது.

கணினியோடு வந்திருந்த பேசிக் மொழியில் முதல் கம்பைலரை எழுதினோம். மகா மந்தம். முப்பது வரி நிரலை மாற்றித்தர அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் உன் அண்ணி சாதம் வடித்து ரசமும் வைத்துவிடுவார். வெயில் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது. போகும்போதெல்லாம் அடித்தது அத்தனையும் போனது. இரண்டு முறை பொறுத்துக்கொண்டாய். மூன்றாவது முறை பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து கணினிக்கு மட்டும் தனியாக ஓர் இணைப்பு செய்தாய். அதற்குப் பிறகு கரண்ட் போனால் டிவி அணையும். கணினி இருட்டுக்குள் யோசித்துக்கொண்டிருக்கும். நாம் விசிறியால் விசிறிக்கொண்டு காத்திருப்போம்.

உன் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவருகே நின்று பார்ப்பார். “ரெண்டு பேரும் சேந்து இன்னா பண்றீங்க இத்தனை மாசமா? கடையில கம்ப்யூட்டருங்கோ வாங்கினா எல்லாம் அதுலயே வருதே.”

“வர்றத எழுதினவன் யாரு அண்ணா?”

“எவனோ.”

“அந்த எவனோதான் நாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நீ சிரிக்கவில்லை.

இரண்டாவது வருடம்தான் உண்மையான வேலை தொடங்கியது. நம் மொழியிலேயே நம் கம்பைலரைத் திரும்ப எழுதி, பழைய கம்பைலரைக் கொண்டு அதை மாற்றவேண்டும். அப்படிக் கிடைப்பதைக் கொண்டு அதே நிரலை இன்னொரு தடவை மாற்றவேண்டும். முதலில் வந்த எண்களும் அடுத்து வந்த எண்களும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால், மொழி தன் காலில் நின்றுவிட்டது என்று பொருள். மெலிந்த குறிப்பேடுகள் ஏழு தீர்ந்தன. நிரல் முழுவதும் ஒரே நேரத்தில் நினைவகத்துக்குள் நிற்காது என்பதால் கேசட்டிலிருந்து துண்டு துண்டாகப் படிக்கவைத்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, இரண்டையும் ஒப்பிடச் சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே ஓர் எண் மாறியிருந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் எண்களில் ஒன்று. நாற்பத்தேழு இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது.

“ஒண்ணுதானே, நேரா மாத்தி வச்சுருவோம்” என்றேன். களைத்துப் போயிருந்தேன்.

“நக்கோ.”

“யாருக்குடி தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும். ரெண்டு பேரு போதாதா?”

பதினோரு நாள் தேடினோம். கடைசியில் குற்றவாளி என் கையெழுத்து. சிப்பின் கட்டளைகளுக்கான எண்களைக் குறிப்பேட்டில் நான் எழுதிவைத்திருந்த பட்டியலில், ‘நக்கோ’வுக்கான வரியில் எஃப் என்ற எழுத்தின் நடுக்கோடு மங்கி, ஏழைப்போல இருந்தது. பதினாறை அடிமானமாகக் கொண்ட அந்தப் பட்டியலில் ‘இரண்டு எஃப்’ என்றால் நாற்பத்தேழு, ‘இரண்டு ஏழு’ என்றால் முப்பத்தொன்பது. பேசிக்கில் எழுதியபோது சரியாகப் படித்திருந்தாய். புதிதாக எழுதியபோது நானே என் எழுத்தைத் தப்பாகப் படித்திருந்தேன். திருத்தினோம். மறுபடி இரண்டு சுற்று. திரையில் ‘வித்தியாசம் நக்கோ’ என்று வந்தது. நீதான் அப்படிச் சொல்லும்படி எழுதியிருந்தாய்.

நீ எழுந்து கைகழுவிவிட்டு வந்தாய். “அவன எங்க போய்ப் பிடிக்கிறது இப்ப?” என்றாய். அந்த நேர்காணல் ஆளைத்தான். பிறகு, “வேணாம் வுடு. அவனுக்கு நாம கைக்கு சொல்லணும்” என்று உட்கார்ந்துவிட்டாய்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. அதே வருடம் மாதாப்பூரில் எனக்கு வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன் கையெழுத்துப்போட ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். ஒரு படிவத்தில், நீங்கள் இதற்கு முன் சொந்தமாக உருவாக்கிய மென்பொருள் ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தது. குறிப்பிடாதவற்றுக்கு நாளைக்கு நாம் உரிமை கோர முடியாது. மனிதவளப் பிரிவில் இருந்த பெண், “எல்லாரும் நில்-னு எழுதுவாங்க மேடம்” என்றாள். எழுதினேன். நில், அதாவது ‘ஒன்றும் இல்லை’. சாயங்காலம் வந்து உன்னிடம் அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னேன்.

நீ சால்டரிங் அயர்னை அணைத்தாய். வேலைக்கு நடுவில் நீ அதை அணைத்து நான் பார்த்ததில்லை.

“நில்-ஆ?”

“சும்மா ஒரு ஃபார்ம்டி. யாரும் படிக்கக்கூட மாட்டாங்க.”

“இந்த ரெண்டு வருஷம் நீ ஒண்ணுமே எழுதலையா? அவன் எனக்கு நில்-னு சொன்னான், சரி. அவன் யாரோ. நீயே ஒன் கையால எழுதிட்டு வந்திருக்கே.”

நான் ஏதோ சொல்லவந்தேன். “வீட்டுக்குப் போ” என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

மறுநாள் காலை இரண்டு பஸ் மாறி மாதாப்பூர் போனேன். படிவத்தைத் திரும்பக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகத்தான் பேசினார். பொழுதுபோக்குதானே என்றார். இல்லை என்றேன். விற்கிற எண்ணமா என்றார். அதுவும் இல்லை என்றேன். “இதை எழுதினால் சட்டப் பிரிவுக்குப் போகும், நீங்கள் சேர்வது தள்ளிப்போகும், ஒருவேளை சேராமலே போகலாம், பரவாயில்லையா?” என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நில்-ஐ அடித்துவிட்டு எழுதினேன்: ‘ஒரு நிரல்மொழி, அதன் கம்பைலர். எழுதியவர்கள் இருவர்.’ முதலில் உன் பெயர், அடுத்து என் பெயர்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அப்பா திருநெல்வேலியிலிருந்து தினமும் போன் செய்தார். “ஏம்மா, கெடச்ச வேலைய எதுக்குப் போட்டு ஒடைக்க? ஒரு வரிதானல்லா, அத எடுத்துட்டாத்தான் என்ன?” நான்காவது வாரம் கடிதம் வந்தது. குறிப்பிட்ட மொழியிலும் கம்பைலரிலும் தங்களுக்கு எந்த அக்கறையும் இல்லை, இப்போதும் எப்போதும் எந்த உரிமையும் கோரமாட்டோம், நீங்கள் வந்து சேரலாம் என்று ஒரே பத்தி, கீழே முத்திரை.

எனக்கு அது அவமானமாகப் பட்டது. தயங்கித்தான் உன்னிடம் காட்டினேன். நீ அதை வாசித்து, மறுபடி வாசித்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தாய்.

“பாத்தியா. எழுத்துல குடுத்துட்டான்டி. சீல் வச்சுக் குடுத்துட்டான். இது நம்மது.”

அடுத்த நாளே லேமினேட் செய்து சுவரில் மாட்டினாய்.

வேலைக்குப் போனபின் நான் ஞாயிறுகளில் மட்டும் வந்தேன். நீ சும்மா இருக்கவில்லை. கணினியின் பின்புறத்தில் கம்பிகளை இழுத்து, டிவி ரிமோட், யுபிஎஸ் போர்டுகளைச் சோதிக்கும் கருவியாக அதை மாற்றினாய். சோதனைகளை நம் மொழியில் எழுதினாய். ஒரு ஞாயிறன்று பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் கரீம் பாய் ஒரு போர்டோடு வந்தார். திரையில் ஓடிய வரிகளைப் பார்த்தவர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக்கூட்டிப் படித்தார். ‘ஹவ்’. ‘நக்கோ’. ‘கைக்கு’.

“அரே, யே தோ அப்னா ஈச் ஹை” என்றார். அட, இது நம்மதுதானே என்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாம் எதுவும் சொல்லித்தராமலே ஒரு சோதனையை மாற்றி எழுதினார். தப்பாகத்தான் எழுதினார். ‘கைக்கு’ என்று அடித்தார். மூன்றாம் வரி என்று பதில் வந்தது. திருத்திக்கொண்டார். ஒரு மொழிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நீ அவர் போனபின் கேட்டாய்.

சிறுவயதுக் காய்ச்சலில் பழுதான உன் இதய வால்வைப் பற்றி நீ எப்போதும் மூன்றாம் மனிதரைப்போலப் பேசுவாய். “அது ஒரு லீக்கேஜ்” என்பாய். கடைசி வருடம் மாடிப்படியில் நடுவே நின்று நின்று ஏறினாய். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மதியம் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தேன். யாரோ தூரத்துச் சொந்தக்கார அம்மா உன் தலையைத் தடவி, பாவம் என்று அழுதுவிட்டுப் போனார்.

“இந்தப் ‘பாவம்’ இருக்கு பாரு, அத என் பின்னாடி எவளும் சொல்லக்கூடாது. நீ பாத்துக்க” என்றாய்.

சிகிச்சை முடிந்து இரண்டு நாள் இருந்தாய். மூன்றாம் நாள் இல்லை.

பதினாறாம் நாள் வீடு நிறைய ஆட்கள். கல்யாணம் இல்லை, நல்ல வேலை இல்லை, ஒன்றையும் அனுபவிக்காமல் போய்விட்டாள், பாவம் என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

“அவ பாவம் இல்ல. கம்பைலர் எழுதினவ. இந்த ஹைதராபாத்துல ஆயிரம் ஆயிரமா இன்ஜினீயருங்க இருக்காங்க. நானும் இருக்கேன். எங்கள்ல எத்தன பேரு எழுதியிருக்கோம்னு கேட்டுப் பாருங்க. தெரியாதத வச்சு அவளப் பேசாதீங்க.”

யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. உன் அண்ணன்தான் எழுந்து முன்னறைக்குப் போனார். டிவியையும் கணினியையும் போட்டார். கேசட்டைச் சுழலவிட்டார். இவருக்கு இது எப்போதிருந்து தெரியும் என்று திகைத்தேன். “தெனம் பாத்துக்கினுதானேம்மா இருந்தேன்” என்றார். பிறகு வந்திருந்தவர்களைக் கூப்பிட்டு, “வந்து பாருங்க, என் தங்கச்சி எழுதினது” என்றார். கணினி இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. கரீம் பாய் வாரம் இருமுறை வந்து போர்டு சோதிக்கிறார்.

போன வருடம் என் அலுவலகத்தில் ஒரு சிக்கல். எங்கள் நிரல் ஒரு குறிப்பிட்ட கணக்கில் மட்டும் தப்பான விடை தந்தது. ஆறு பேர் இரண்டு வாரம் தேடியும் நிரலில் பிழை இல்லை. கம்பைலர்மேல் சந்தேகமாக இருக்கிறது என்றேன். மேலாளர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. “உலகமே உபயோகிக்கிறது மேடம், நம்ம பக்கத்தில் பாருங்க” என்றார். நான் பார்க்கவில்லை. கம்பைலர் வெளியிட்ட எண்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஐந்து நாள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். ஒரு கழித்தலில் இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. கம்பைலரின் தப்பு. ஆதாரத்தோடு அதை எழுதியவர்களுக்கு அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. கண்டுபிடித்தது சரி, திருத்துகிறோம், நன்றி. கடைசியில் ஒரு கேள்வி: பொதுவாக எல்லாரும் தங்கள் நிரலைத்தான் சந்தேகிப்பார்கள், உங்களுக்கு எப்படி எங்கள்மேல் சந்தேகம் வந்தது?

அதற்கு நீளமாக ஒன்று எழுதினேன். அழித்தேன். இன்னொன்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் ஒரே வரி அனுப்பினேன்.

‘நாங்களும் ஒன்று எழுதியிருக்கிறோம்.’